கையும் காலும் வெடித்தால்

(தோட்டப் பெண் தொழிலாளர் கூட்டத்தில் ஆயுர்வேத வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரை)



நானும் லயத்தில் பிறந்தவள்தான். கொழுந்து பறித்தே எங்களை வளர்த்தவர் அம்மா. அவருடைய விரல் வெடிப்புகளில் தேயிலைக் கறை ஏறி, மையால் கோடு போட்டது போல இருக்கும். மிளகாய் அரைக்கும்போது அவர் பல்லைக் கடித்துக்கொள்வது இன்னும் கண்ணில் நிற்கிறது.

உள்ளங்கையும் உள்ளங்காலும் வெடித்து வலிப்பதை ஆயுர்வேதம் ‘விபாதிகா’ என்கிறது. சரக சம்ஹிதை சொல்லும் 18 வகைத் தோல் நோய்களில், சிறியவை என்று ஒதுக்கிய 11இல் இதுவும் ஒன்று. சிறியது என்று எழுதியவர் பனியில் கொழுந்து பறித்திருக்கமாட்டார்!

இதற்கு நெய்யும் எண்ணெயும் மூலிகைகளோடு காய்ச்சி, கடைசியில் குங்கிலியமும் தேன்மெழுகும் சேர்த்த பூச்சுமருந்து அந்த நூலிலேயே இருக்கிறது. மெழுகு வெடிப்பை மூடி, தோலின் ஈரப்பசையைக் காக்கும். அதில் துத்தமும் சேர்வதால் வீட்டில் காய்ச்சாதீர்கள். வீட்டில் செய்யக்கூடியது இதுதான்: இரவில் வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் கால் வைத்து, துடைத்து, நல்லெண்ணெயோ தேங்காயெண்ணெயோ பூசி, பழைய மேசு போட்டுப் படுங்கள். விரலிடுக்கில் வெந்து அரிக்கும் சேற்றுப்புண்ணுக்கு மட்டும் எண்ணெய் வேண்டாம். அதை உலர்வாக வைக்க வேண்டும்.

ஆனால் இரவு பூசிய மருந்தை விடியற்காலைப் பனி கழுவிவிடுகிறது. மருந்தடிக்கும் தம்பிமாருக்கு அதைவிட மோசம். கையுறை, சப்பாத்து, மலையிலேயே கை கழுவத் தண்ணீரும் சவர்க்காரமும் இல்லாமல் நான் கொடுக்கும் எண்ணெய் பாதி வேலைதான் செய்யும். மீதியைச் சங்கம் நிருவாகத்திடம் கேட்க வேண்டும்.

அம்மாவின் கதையை முடிக்கிறேன். ஒருநாள் வெடிப்பில் சூடான எண்ணெய் ஊற்றினார். சுடவில்லை என்றார். மருந்து பிடித்துவிட்டது என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம். சீனி வருத்தத்தால் கால் மரத்துப்போயிருந்தது எங்களுக்குத் தெரியாது. ஒரு விரலை எடுக்க வேண்டி வந்தது. அதனால்தான் சொல்கிறேன், கால் மரத்தால் எண்ணெய் தேடாதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தத்தில் சீனி பாருங்கள். உணர்ச்சியில்லாத வெளிறிய தேமல் இருந்தால் தொழுநோயா என்று காட்டுங்கள். அதற்கு அரசாங்க மருந்து இலவசம். 6 அல்லது 12 மாதம் ஒழுங்காக எடுத்தால் குணமாகும். மறைத்தால்தான் விரல் மடங்கும்.

சம்பள நாளில் வாசலுக்கு வரும் பெயரில்லாத டப்பாக்களை வாங்காதீர்கள். 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டப்படி வைத்தியர் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு இலக்கத்தைக் கேளுங்கள். என்னிடமும் கேளுங்கள், கோபிக்கமாட்டேன்.

இப்போது பின் அறையில் இருப்பேன். கால் காட்டக் கூச்சப்படுகிறவர்கள் முதலில் வாருங்கள்.