நட்ட மரமும் இழந்த புல்லும்

(முன்னாள் மாணவர் சங்கக் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இன்று காலை வளாகத்தில் என்னை ஒரு வேப்பங்கன்று நடச் சொன்னார்கள். நம்ம மண்ணுக்குரிய மரம், சந்தோஷமாகவே நட்டேன். ஆனால் மண்வெட்டியைக் கையில் வாங்கியதும் 1979-ஆம் ஆண்டு ஞாபகம் வந்துவிட்டது. நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்காக நீலகிரியின் உச்சிக்குப் போயிருந்தோம். கண்ணுக்கெட்டிய தூரம் புல்வெளி, மடிப்புகளில் மட்டும் கறுப்பாய்ச் சோலை. "இவ்வளவு இடம் சும்மா கிடக்குதேப்பா!" என்று எங்களுக்கெல்லாம் ஆதங்கம். பத்து நாள் முதுகு ஒடிய, புல்லைக் கொத்திச் சீகைக் கன்று நட்டோம். சான்றிதழும் வாங்கினோம். அது இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. அந்த இடம் சும்மா கிடக்கவில்லை என்று எனக்குப் புரிய வெகுகாலம் ஆயிற்று.

உயர்மலைப் புல்வெளியில் மரம் ஏன் வளரவில்லை? யாரோ வெட்டிவிட்டதால்தான் என்று நாங்கள் நினைத்தோம். ஜனவரி இரவுகளில் அங்கே உறைபனி கொட்டும். சோலை மரத்தின் இளங்கன்று திறந்த வெளியில் அந்தப் பனிக்குத் தாங்காது, கருகிவிடும். தாய்மரங்களின் நிழலில், ஈரம் தங்கும் பள்ளத்தாக்கில்தான் பிழைக்கும். ஆகவே மடிப்பில் சோலை, மேட்டில் புல். பேராசிரியர் ஆர். சுகுமாரும் அவருடைய சக ஆய்வாளர்களும் நீலகிரிச் சதுப்புகளின் கரிமண்ணை ஆராய்ந்து 1993-இல் வெளியிட்ட கட்டுரை 20,000 ஆண்டு வரலாற்றைப் படிக்கிறது. வறண்ட காலங்களில் புல் ஓங்கியது, மழைக் காலங்களில் அதன் ஆதிக்கம் குறைந்தது. மனிதன் கோடரி எடுப்பதற்கு எவ்வளவோ முன்பே அங்கே புல் இருந்தது.

ஆங்கிலேயர் கண்ணுக்கு அது தரிசு. விறகுக்கும் தோல் பதனிடும் பட்டைக்கும் ஆஸ்திரேலியாவிலிருந்து சீகையும் கற்பூர மரமும் வந்தன. சுதந்திரத்திற்குப் பிறகு நாமும் அதே கண்ணோடுதான் பார்த்தோம், இன்னும் வேகமாக நட்டோம். பழனி மலையைச் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு ஆராய்ந்து 2018-இல் வெளியான ஆய்வு, நாற்பது ஆண்டுகளில் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்கிறது. காரணம், மரத் தோட்டங்களும் விவசாயமும்தான்.

"போனால் போகட்டும், புல்தானே?" என்று கேட்பீர்கள். நம் வரையாட்டைப் பாருங்கள். நம் மாநில விலங்கு. உலகிலேயே மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் மட்டும்தான் உண்டு. திறந்த புல்லில் மேயும், எதிரியைத் தூரத்திலேயே கண்டு பாறைச் சரிவில் ஏறிக்கொள்ளும். மரம் மண்டினால் அதற்கு மேய்ச்சலும் இல்லை, பார்வையும் இல்லை. 2024 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் எண்ணப்பட்டவை 1,031. நம் கல்லூரி மாணவர் எண்ணிக்கையே இதைவிட அதிகம்!

சோலைக்குள்ளே ஒரு சின்னக் குருவி உண்டு. நீலகிரியில் இருப்பது ஓர் இனம், பழனியிலும் ஆனைமலையிலும் இருப்பது வேறோர் இனம். நடுவிலே சுமார் 30 கிலோமீட்டர் அகலப் பாலக்காட்டுக் கணவாய். நமக்கு அது ரயிலில் அரை மணி நேரம். அந்தக் குருவிக்கோ கடக்க முடியாத கடல். 2017-இல் இவற்றுக்கு ஒரு புதுப் பேரினப் பெயர் வைத்தார்கள்: 'சோலிகோலா'. நம்ம 'சோலை' என்ற சொல்லிலிருந்து வந்தது. மலை உச்சிகள் ஆகாயத்தில் மிதக்கும் தீவுகள் என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

தண்ணீர்க் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். நீலகிரி கிளென்மார்கனில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளை ஒப்பிட்டார்கள். ஒன்றை இயற்கையாகவே விட்டு, மற்றதில் 59 சதவீதப் பரப்பில் கற்பூர மரம் நட்டார்கள். முதல் பத்தாண்டுச் சுற்றில் அதிலிருந்து வந்த நீர் சராசரி 16 சதவீதம் குறைந்தது. பவானி பிறப்பது அந்த மலையில். கீழ்பவானி வாய்க்காலில் நெல்லும் மஞ்சளும் விளைவித்துத்தான் இங்கே பல பேரை அப்பா படிக்க வைத்தார். புல் நமக்கும் சோறு போட்டிருக்கிறது.

சரி, சீகையை எல்லாம் வெட்டி எறிந்துவிடலாமா? அப்படியும் அவசரப்பட முடியாது. அதன் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். தீ பட்டால் கூட்டமாய் முளைக்கும். வெட்டவெளியாக்கிவிட்டால் கார்ஸ், ஸ்காட்ச் புரூம் போன்ற வேறு அந்நியச் செடிகள் வந்து உட்கார்ந்துகொள்ளும். சில இடங்களில் பழைய சீகைத் தோப்பின் நிழலிலேயே சோலைக் கன்றுகள் முளைத்திருக்கின்றன. அவற்றை மிதித்துவிடக் கூடாது. மலைவாசிகளுக்கு அடுப்பெரிக்க விறகும் அதுதான். எங்கே எடுப்பது, எங்கே விடுவது என்று இடத்துக்கு இடம் பார்த்து, புல் நாற்று வளர்த்து நட்டு, ஆண்டுக்காண்டு களை பிடுங்க வேண்டிய வேலை இது. பத்து நாள் முகாமில் நாங்கள் செய்த தவறைத் திருத்த இன்னொரு பத்து நாள் முகாம் போதாது.

மாணவச் செல்வங்களே! மரம் நடாதீர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. நடுவதற்கு முன்னால், "இங்கே ஏற்கெனவே யார் குடியிருக்கிறார்கள்?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். எங்களிடம் நல்ல எண்ணம் இருந்தது, உழைப்பு இருந்தது. அந்தக் கேள்விதான் இல்லாமல் போயிற்று.

சங்க நிர்வாகிகளுக்கு ஒரு கோரிக்கை. வனத்துறை அனுமதியோடு, அவர்கள் காட்டும் இடத்தில், ஆண்டுக்கொரு முறை சீகை நாற்றுப் பிடுங்க ஒரு குழுவை அனுப்புங்கள். முதல் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். முழங்கால் வலி இருக்கிறது. இருந்தாலும் குனிந்து பிடுங்குவேன்.

பன்னிரண்டு ஆண்டுக்கொரு முறை பூக்கும் நீலக்குறிஞ்சி 2006-இல் பூத்தது, 2018-இல் பூத்தது. அடுத்து 2030. அது வளர்வதும் இந்தப் புல்வெளியில்தான். அன்றைக்கு உங்களில் பலர் வேலைக்குப் போயிருப்பீர்கள். ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். பறிக்க வேண்டாம், பார்த்தால் போதும். அதுவரை அந்தப் புல் அங்கே இருக்க வேண்டும்.