பழைய எஞ்சினுக்குப் புது வண்ணம்



அம்பாசடர் காரை அறியாதவர் நம் நாட்டில் குறைவு. கொல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தர்பாரா என்ற ஊர் இருக்கிறது. அங்கே இந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் இந்தக் கார் தயாரானது. 1958-இல் வெளிவரத் தொடங்கியது. 2014-இல் உற்பத்தி நின்றது. மந்திரியும் இதில்தான் போனார். வாடகைக் கார் ஓட்டியவரும் இதைத்தான் ஓட்டினார்.

இன்று பலர் பழைய அம்பாசடரைத் தேடி வாங்கிச் சீர் செய்கிறார்கள். 50 ஆண்டைத் தாண்டிய வண்டிகளுக்கு 2021-இல் மத்திய அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. அந்த வண்டிகளுக்குத் தனி எண் வரிசை உண்டு. அவற்றை வாடகைக்கு ஓட்டக் கூடாது. பழைய உருவம் மாறாமலும் இருக்க வேண்டும்.

அப்படிப்பட்ட காரின் எஞ்சினுக்கு வீட்டிலேயே பெயிண்ட் அடிக்கலாமா? அடிக்கலாம். அழகுக்கு மட்டும் அல்ல. அம்பாசடரின் பழைய எஞ்சின் வார்ப்பு இரும்பு. பெயிண்ட் உதிர்ந்தால் துரு ஏறும். சுத்தமான எஞ்சினில் எண்ணெய் ஒழுகினால் உடனே கண்ணில் படும். அழுக்கு எஞ்சினில் எந்த ஒழுக்கும் தெரியாது.

முதல் வேலை பெயிண்ட் அல்ல, கழுவுவது. பாதி உழைப்பு இதில்தான் போகும். எண்ணெய்ப் பிசுக்கு மேல் பெயிண்ட் நிற்காது. ஒரு மாதத்தில் தோல் தோலாக உரியும். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு மண்ணெண்ணெய் தடவி, பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். பெட்ரோல் ஊற்றிக் கழுவுவது சில பட்டறைகளில் வழக்கம். அது உயிருக்கு ஆபத்து. ஒரு பொறி போதும். பிறகு சோப்புத்தூள் தண்ணீரில் கழுவிக் காய விட வேண்டும்.

துருவைக் கம்பி பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் எடுக்கலாம். ஆனால் பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். ஈயத் தூள் குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும். வீட்டுப் பெயிண்டில் ஈயத்துக்குக் கடுமையான வரம்பு 2017-இல்தான் நடைமுறைக்கு வந்தது. கார் பெயிண்ட் அந்த விதிக்குள் வராது. அதனால் ஈரமாகத் தேய்ப்பது நல்லது. தூள் பறக்காது. கழிவைக் கூட்டி, தாளில் மடித்துத் தனியே வைக்க வேண்டும். குழந்தைகள் விளையாடும் மண்ணில் கொட்டக் கூடாது.

அடுத்து ஓட்டைகளை அடைப்பது. கார்புரேட்டர் வாய், ஸ்பார்க் பிளக் துளை, எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியின் துளை எல்லாவற்றையும் அடைக்க வேண்டும். உள்ளே ஒரு சிட்டிகை மணல் போனாலும் சிலிண்டர் கீறிப் போகும். இந்த அடைப்பைக் கழுவும் முன்பே செய்துவிட்டால் இன்னும் நல்லது. ரப்பர் குழாய், பெல்ட், வயர் இவற்றைத் தாளும் டேப்பும் சுற்றி மறைக்க வேண்டும். எர்த் வயர் உட்காரும் இடத்தில் பெயிண்ட் படக் கூடாது. பட்டால் மின்சாரம் ஓடாது. பெயிண்ட் பளபளக்கும், வண்டி கிளம்பாது!

எஞ்சின் எண்ணையும் டேப் போட்டு மறைக்க வேண்டும். வண்டியின் பதிவுச் சான்றில் அந்த எண் இருக்கிறது. கனமான பெயிண்டில் அது புதைந்துவிட்டால், சோதனையின் போது உரிமையாளர் திருட்டு வண்டி வைத்திருப்பவர் போல விழிக்க நேரும்.

எஞ்சின் உடம்புக்குச் சூடு தாங்கும் எனாமல் போதும். ஓடும்போது உள்ளே தண்ணீர் சுமார் 90 டிகிரி வரை சூடாகும். புகை வெளியேறும் மேனிஃபோல்டு வேறு கதை. அங்கே சூடு பல நூறு டிகிரி. சாதாரண பெயிண்ட் கருகி உதிரும். அதற்கென்று விற்கும் பெயிண்ட் அடிக்கலாம், அல்லது அப்படியே விடலாம்.

கடைக்காரர் இரண்டு டப்பா தருவார். பெயிண்ட் ஒன்று, ஹார்டனர் ஒன்று. இந்த ஹார்டனரில் பெரும்பாலும் ஐசோசயனேட் இருக்கும். 1984-இல் போபாலில் கசிந்த விஷ வாயு அதே குடும்பத்தைச் சேர்ந்தது. ஹார்டனர் அந்த வாயு அல்ல. ஆனால் அதைத் தெளிக்கும்போது வரும் புகைப்படலம் ஆஸ்துமாவைக் கொண்டுவரும். ஒருமுறை உடம்புக்கு ஒவ்வாமை வந்துவிட்டால், பிறகு துளி பட்டாலும் மூச்சு திணறும். கைத்தொழிலே போய்விடும். வெளியிலிருந்து காற்று வரும் முகமூடி இல்லாமல் அதைத் தொடக் கூடாது. வீட்டு வேலைக்கு ஒரே டப்பாவில் வரும் எனாமலே சரி.

அதற்கும் முகமூடி தேவை. முகத்தில் கட்டும் துண்டு தூசியை ஓரளவு தடுக்கும். தின்னர் ஆவியைத் தடுக்காது. கரி வடிகட்டி பொருத்திய முகமூடி வேண்டும். ஸ்ப்ரே கன் வாங்கப் பணம் இருப்பவர் இதற்குக் கணக்குப் பார்ப்பது சரியல்ல. உதவிக்கு நிற்கும் பையனுக்கும் அதே முகமூடி கொடுக்க வேண்டும். கர்ப்பிணிப் பெண்கள் அருகில் இருக்கக் கூடாது.

தின்னர் ஆவி காற்றை விடக் கனமானது. தரையோடு ஊர்ந்து போகும். பெயிண்ட் அடிப்பது கொல்லையில். அடுப்பு எரிவது சமையலறையில். ஆவி அங்கே போய்த் தீயைத் தேடிக்கொள்ளும். அடுப்பு, சாமி விளக்கு, கொசுவத்திச் சுருள், பீடி எல்லாம் அணைய வேண்டும். கம்ப்ரசரின் சுவிட்சிலும் பொறி வரும். அதைத் தள்ளி வைக்க வேண்டும். திறந்த இடமே நல்லது.

அடிக்கும் முறை எளிது. பெரும்பாலான கன்களுக்கு 30 முதல் 40 பவுண்டு காற்று போதும். கம்ப்ரசர் தொட்டியில் சேரும் தண்ணீரை முதலில் திறந்து விட வேண்டும். முதலில் பிரைமர். அது காய்ந்த பிறகு எனாமல். கன் எஞ்சினிலிருந்து ஒரு சாண் தள்ளி இருக்க வேண்டும். கை நகரத் தொடங்கிய பிறகு விசையை அழுத்த வேண்டும். ஒரே தடவையில் கனமாக அடித்தால் கண்ணீர் போல வழியும். மெல்லியதாக மூன்று பூச்சு, நடுவில் 10 அல்லது 15 நிமிடம். மழை நாளில் வேண்டாம். ஈரக் காற்றில் பளபளப்பு போய்விடும்.

முடிந்தவுடன் கன்னைத் தின்னர் விட்டுக் கழுவ வேண்டும். நாளைக்கு என்று வைத்தால் உள்ளே இறுகிவிடும். அழுக்குத் தின்னரைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது. பெயிண்ட் துணியைக் குவித்து வைக்கக் கூடாது. சில எனாமல்கள் காயும்போது சூடாகும். குவியல் தானே பற்றிக்கொள்ளும். துணியை விரித்து வெளியே உலர்த்த வேண்டும்.

ஓரிரு நாள் காய்ந்த பிறகு அடைப்புகளை எடுக்க வேண்டும். அடைத்தவை எத்தனை, எடுத்தவை எத்தனை என்று எண்ணிப் பார்க்க வேண்டும். முதல் முறை ஓட்டும்போது கொஞ்சம் புகையும் வாசனையும் வரும். அது புதுப் பெயிண்டின் சூடு. ஆனால் மூடிய கொட்டகையில் எஞ்சினை ஓட விடக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. வண்டியைத் தள்ளி வாசலுக்குக் கொண்டுவந்து, அங்கே சாவியைத் திருப்ப வேண்டும்.