ஒபதியா: சிறு நூலும் பெரு வினாக்களும்



ஒரு நூலைப் படிப்பது வேறு. ஆராய்ந்து படிப்பது வேறு. இவ்வேறுபாட்டை விளக்க, எபிரேய மறைநூலில் மிகச் சிறியதாகிய ஒபதியா என்னும் தீர்க்கதரிசன நூலை இன்று எடுத்துக்கொள்கிறோம். ஒரே அதிகாரம், 21 வசனங்கள். எனினும் இதனைப் பற்றி அறிஞர் எழுப்பிய வினாக்கள் இன்னும் ஓயவில்லை.

நூற்பொருளைச் சுருங்கக் கூறுவோம். யூதாவுக்குத் தென்கிழக்கே மலைநாட்டில் வாழ்ந்த ஏதோமியர், யாக்கோபின் தமையனாகிய ஏசாவின் வழியினர் எனப்பட்டனர். எனவே யூதருக்கு உடன்பிறந்தார் முறையினர். எருசலேமை அந்நியர் சூறையாடிய நாளில் இவர்கள் விலகி நின்றனர், கண்டு களித்தனர், கொள்ளையில் கைவைத்தனர், தப்பியோடியவரை வழிமறித்தனர். இதுவே தீர்க்கதரிசி சாட்டும் குற்றம்.

அறிஞரின் முதல் வினா காலத்தைப் பற்றியது. நூலின் தலைப்பில் அரசன் பெயர் எதுவும் இல்லை. ஆகாப் அரசனின் அரண்மனை அதிகாரியாயிருந்த ஒபதியாவே இவர் என்றது பழைய யூத மரபு. கி.மு. 9ஆம் நூற்றாண்டில் யோராம் காலத்தில் நிகழ்ந்த படையெடுப்பைச் சிலர் சுட்டினர். பாபிலோனியர் எருசலேமை அழித்த கி.மு. 586ஐ ஒட்டிய காலமே பொருந்தும் என்பர் பெரும்பாலோர்.

இரண்டாவது வினா ஒப்புமை பற்றியது. இந்நூலின் தொடக்க வசனங்கள் எரேமியா 49ஆம் அதிகாரத்திலும் சிறு மாற்றங்களுடன் காணப்படுகின்றன. யார் யாரிடமிருந்து பெற்றார்? இருவருக்கும் முற்பட்ட வாக்கு ஒன்று இருந்ததோ? அமைப்பைப் பற்றியும் ஆராய்ச்சி உண்டு. 15ஆம் வசனத்தின் இரு பகுதிகளும் இடம் மாறியுள்ளன என்றும், மாற்றி வைத்தால் பொருள் தெளிவுறும் என்றும் ஜெர்மானிய அறிஞர் வெல்ஹவுசன் கருதினார்.

மூன்றாவது வினா கூர்மையானது. ஏதோமியர் உண்மையில் இக்குற்றம் செய்தனரா? எருசலேமின் வீழ்ச்சியை விவரிக்கும் இராஜாக்களின் இரண்டாம் நூல் அவர்களைக் குற்றஞ்சாட்டவில்லை. எசேக்கியேலும் புலம்பல் நூலும் 137ஆம் சங்கீதமும் குற்றஞ்சாட்டுகின்றன. யூதாவின் தென்பகுதியிலுள்ள ஆராத் என்னும் கோட்டையை 1960களில் அகழ்ந்தபோது கிடைத்த ஓட்டுச்சில் எழுத்து ஒன்று, ஏதோமியர் வந்துவிடுவரோ என அஞ்சுகிறது. அச்சம் உண்மை, குற்றத்தின் அளவோ இன்றும் வாதத்திற்குரியது.

இவ்வினாக்கள் எதற்கு என்று கேட்கலாம். கேளாமல் படித்ததன் விளைவைப் பாருங்கள். பிற்காலத்தில் ஏதோம் என்ற பெயரை ரோமப் பேரரசுக்குச் சூட்டினர்; பின்னர்க் கிறிஸ்தவ உலகுக்கும் சூட்டினர். ஒரு நாளின் குற்றம் என்றென்றைக்குமான பகைப்பெயர் ஆயிற்று. அதே மறைநூலில், ஏதோமியன் உன் சகோதரன், அவனை அருவருக்காதே என்னும் கட்டளையும் உபாகமத்தில் உள்ளது. ஒன்றை மட்டும் படிப்பவன் மற்றொன்றை மறக்கிறான். மறைநூலை இலத்தீனில் பெயர்த்த ஜெரோம், இளமையில் ஒபதியாவுக்கு உருவகப் பொருள் கூறி உரை எழுதினார். முதுமையில் அதற்காக வெட்கமுற்று வேறு உரை வரைந்தார். தம் பிழையைத் தாமே ஒப்புக்கொண்ட அவரது நேர்மை நமக்கும் வேண்டும்.

இறுதியாக, மொழி ஆராய்ச்சி தரும் ஒரு செய்தி. 12 முதல் 14 வரையுள்ள வசனங்களில், எபிரேய மூலத்தில், "செய்யாதே" என்னும் விலக்கு எட்டு முறை வருகிறது. பல மொழிபெயர்ப்புகள் இதனைச் "செய்திருக்கலாகாது" என இறந்த காலமாக்கிவிடுகின்றன. மூலத்திலோ அந்நாள் கண்முன் நிற்கிறது. களிக்காதே, வாயிலில் நுழையாதே, தப்புவோரை மறிக்காதே என்று தீர்க்கதரிசி கதறுகிறார். அக்குற்றப் பட்டியலின் தலைப்பில் நிற்பது வாளும் அன்று, கொள்ளையும் அன்று, விலகி நின்றமையே. விலகி நின்றவனும் கொள்ளையரில் ஒருவனே என்கிறது நூல். அடிபட்டவரின் குரலிலிருந்து பிறந்த தீர்ப்பு இது. விலகி நின்றோரை நாமும் அறிவோம். ஆகவே இது நமக்கு எளிதில் விளங்கும். நாமும் ஒருநாள் பிறர் துன்பத்தில் விலகி நிற்கக்கூடும் என்பதுதான் விளங்கக் கடினமானது.

இளைஞர்களே, எந்த நூலாயினும் கேளுங்கள்: எக்காலத்தது? யார் யாரிடம் கூறியது? மற்றொரு சான்று உண்டா? மூலத்தில் என்ன உள்ளது? படிக்கும் உரிமைக்காக நம் முன்னோர் பட்ட பாடு பெரிது. பிறர் சொன்ன பொருளையே திருப்பிச் சொல்வதற்காக அவர்கள் அப்பாடு படவில்லை.