நூலா, ஏடா, கட்டுரையா?



சென்ற விடுமுறையின்போது எமது பாடசாலை ஆசிரியை ஒருவர் என்னைக் காண வந்தார். முதுமாணிப் பட்டத்துக்கான தம் ஆய்வேட்டின் உசாத்துணைப் பட்டியலை என்முன் வைத்து, "சேர், சிவப்பு மையால் சுழித்துத் திருப்பித் தந்திருக்கிறார்கள், பிழை எது என்று எழுதவில்லை" என்றார். பட்டியலைப் பார்த்த எனக்கு முதல் வரியிலேயே திகைப்பு உண்டாயிற்று. கலித்தொகையின் ஆசிரியர் சி. வை. தாமோதரம்பிள்ளை என்று அதிற் கண்டிருந்தது!

பிள்ளையவர்கள் 1887இல் அந்நூலைப் பதிப்பித்தவர் என்பதை ஆசிரியை அறியாதவரல்லர். பிழை நேர்ந்த இடம் கணினி. அவர் கையாண்ட மென்பொருளின் பெயர் ஸொட்டெரோ. அமெரிக்காவின் ஜோர்ஜ் மேசன் பல்கலைக்கழகத்து வரலாற்று ஆய்வு நிலையமொன்று 2006இல் வெளியிட்டது, இலவசமாகக் கிடைப்பது. நாம் படித்தவற்றின் விபரங்களைச் சேமித்து வைத்து, கேட்கும்போது பட்டியலாக்கித் தரும். நூலொன்றைப் பதியும்போது பெயருக்குரிய கட்டம் 'ஆசிரியர்' என்றே முதலில் தோன்றும். அதனைப் 'பதிப்பாசிரியர்' என மாற்றுவது நம் பொறுப்பு. ஆசிரியை மாற்ற மறந்துவிட்டார்.

அம்மென்பொருள் எப்பொருளை ஏற்பதற்கு முன்பும், அது என்ன வகை என்பதை அறிய விரும்பும். நூல், நூற்பகுதி, ஆய்விதழ்க் கட்டுரை, செய்தித்தாட் கட்டுரை, ஆய்வேடு, கையெழுத்துப் பிரதி, கடிதம், நேர்காணல், வரைபடம், வழக்குத் தீர்ப்பு என முப்பதுக்கு மேற்பட்ட வகைகள் உண்டு. வகைக்கேற்பக் கட்டங்களும் மாறும். கடிதமாயின் பெறுநர் பெயருக்கு இடமுண்டு. ஆய்வேடாயின் பல்கலைக்கழகத்துக்கு இடமுண்டு. ஒரு வகையில் நிரப்பியதைப் பின்னர் வேறு வகையாக மாற்றினால், புதிய வகையிற் பொருந்தாத விபரங்கள் அழிந்துபோகும். அழியுமுன் எச்சரிக்கும் என்பது உண்மையே. ஆனால் அவசரத்தில் அதனைப் படிப்பார் யார்?

இவற்றுள் நான் பெரிதாகக் கருதுவது நூலுக்கும் கையெழுத்துப் பிரதிக்கும் உள்ள வேறுபாடு. அச்சு நூல் ஓரிடத்தில் இல்லையெனில் மற்றோரிடத்தில் தேடலாம். ஏட்டுச்சுவடி அத்தகையதன்று. அதற்கு வீடு ஒன்றே. ஆதலாற் கையெழுத்துப் பிரதி என்னும் வகையில் அது வைக்கப்பட்டிருக்கும் சுவடிச்சாலையையும் அங்குள்ள இலக்கத்தையும் குறித்தல் வேண்டும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது 97,000 அளவிலான நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. அவற்றுட் சிலவற்றைப் படித்தோர் எழுதி வைத்த குறிப்புகளே இன்று நமக்குத் துணை. அத்தகைய குறிப்பில் 'நூல்' என்றிருந்தால் வேறு பிரதி எங்கேனும் உண்டா எனத் தேடப் புறப்படுவோம். 'கையெழுத்துப் பிரதி' என்றிருந்தால், போனது எது என்பதையாவது அறிவோம்.

ஆசிரியையின் பட்டியலில் மற்றுமொரு குறை. மலரொன்றில் வந்த கட்டுரையைத் தனி நூலாகப் பதிந்திருந்தார். அப்பெயரில் நூலகரிடம் நூல் கேட்பவன் வெறுங்கையோடு திரும்புவான். நூற்பகுதி எனக் கொண்டு மலரின் பெயர், தொகுத்தோர், பக்கம் ஆகியவற்றையும் எழுதியிருக்க வேண்டும். இனி, 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்னும் எண்ணிம நூலகத்திற் படித்தவை யாவற்றையும் இணையப் பக்கம் என்றே பதிந்திருந்தார். கணினித் திரையிற் கண்டாலும் பழைய அச்சு நூல் நூலேயாகும். அச்சிட்ட ஊரும் ஆண்டும் அதற்கு உண்டு. 'ஆவணம்' என்றொரு பொதுவகையும் இருக்கிறது. ஐயம் வந்தபோதெல்லாம் அதிலே போட்டுவிடுவது சோம்பேறிகளின் வழக்கம். நானும் சில நாள் அவ்வாறு செய்தவனே.

நாங்கள் இருவரும் மூன்று மாலைப்பொழுதுகள் அமர்ந்து பதிவுகளைத் திருத்தினோம். இறுதி நாளில் ஆசிரியை, இந்த வானொலிப் பேச்சை எவ்வகையிற் பதிவது என்று கேட்டார். வானொலி ஒலிபரப்பு என்னும் வகையுண்டு. நிகழ்ச்சியின் பெயர், நிலையம், நேர அளவு யாவற்றுக்கும் அதில் இடமுண்டு. பெயர்க் கட்டத்தில் முதலில் வருபவர் இயக்குநர்! தனியனாய் ஒலிவாங்கி முன் அமர்ந்திருக்கும் எனக்குப் பிரதியாக்கம் செய்தவர் என்னும் இடமே பொருந்தும் என இருவரும் முடிவு செய்தோம். இப்பேச்சு தொகுப்பில் அச்சேறுமாயின், அதனைப் படிப்பவர் நூற்பகுதி என்று பதிந்துகொள்ளலாம்.