ஆறாவது ஆட்டக்காரர்



கூடைப்பந்துக் குழு ஒன்றில் பன்னிருவர் இடம்பெறுவர். களத்தில் நிற்பவரோ ஐவரே. எஞ்சிய எழுவரும் எல்லைக்கோட்டிற்கு வெளியே பெஞ்சின்மீது அமர்ந்திருப்பர். களத்தில் ஆடுகின்ற ஐவரைப் புகழ்ந்து பேசுவதற்கு ஆட்கள் பலர் உளர். ஆதலால் அந்த எழுவரைப்பற்றியே இன்று சிறிது பேச விரும்புகின்றேன். சீருடை அணிந்து, காலணியின் கயிற்றை இறுக முடிந்துகொண்டு, ஆட்டம் முடியும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு வீடு திரும்பும் மாணவனுடைய மனத்துயர் சிறியதன்று. “இன்று எத்தனைப் புள்ளி எடுத்தாய், அண்ணா?” என்று தம்பி வாசலிலேயே கேட்பான். விடை சொல்ல நா எழாது. இந்தத் துயரைத் தாங்கமாட்டாமல் ஆட்டத்தையே கைவிட்டவர் பலர். அவர்களுள் நல்ல ஆட்டக்காரர்களாக வந்திருக்கக்கூடியவரும் சிலர் இருந்திருப்பர் அல்லரோ?

முதலில் கணக்கைப் பார்ப்போம். அனைத்துலக விதிப்படி ஓர் ஆட்டம் பத்து நிமிடங்கள் கொண்ட நான்கு பகுதிகளாக, 40 நிமிடம் நடைபெறும். களத்தில் ஐவர் எனவே, பயிற்சியாளர் பங்கிட்டுத் தருவதற்குக் கையிலுள்ள நேரம் மொத்தம் 200 நிமிடம். இதனைப் பன்னிருவர்க்கும் சமமாகப் பங்கிட்டால் ஆளுக்கு 16 நிமிடமும் 40 வினாடியும் கிடைக்கும். விருந்துப் பந்தியில் இலைதோறும் ஒரே அளவாகப் பரிமாறுவதுபோல் ஆட்டநேரத்தையும் பரிமாறும் பயிற்சியாளரைக் காண்பது அரிது. கீழ்வகுப்புப் பிள்ளைகளின் ஆட்டங்களில் அவ்வாறுதான் பரிமாறவேண்டும் என்பது என் கருத்து. பத்து வயதுப் பிள்ளையைப் பெஞ்சில் உட்காரவைத்துப் பெறும் வெற்றி என்ன வெற்றி? ஆனால் பள்ளிக்கும் பள்ளிக்கும் நடக்கும் போட்டியில் அந்த நியதி செல்லாது. அங்கே நேரம் ஈட்டப்படவேண்டிய பொருளாகி விடுகிறது.

இவ்வாட்டம் பிறந்தபோது இத்தொல்லை இருக்கவில்லை. அமெரிக்க நாட்டில் மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நைஸ்மித் என்னும் ஆசிரியர் 1891-ஆம் ஆண்டு டிசம்பரில் இதனை வகுத்தார். பனிக்காலத்தில் வெளியே ஆட இயலாமல் சலித்திருந்த மாணவர்க்காக, பீச்சுப் பழக் கூடைகள் இரண்டைப் பத்தடி உயரத்தில் மாடிக் கைப்பிடியில் அறைந்து, பதின்மூன்று விதிகளையும் எழுதி ஒட்டினார். அவ்வகுப்பில் இருந்தவர் பதினெண்மர். பக்கத்துக்கு ஒன்பதின்மராகப் பதினெண்மரும் ஆடினர். பெஞ்சில் இருந்தவர் எவருமிலர். அன்று விழுந்த புள்ளியும் ஒன்றே ஒன்றுதான்! அந்த ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்ற ஹாரி குரோ பக் என்பவரே 1920-இல் சென்னையில் உடற்பயிற்சிக் கல்லூரியை நிறுவினார். பின்னர் நந்தனத்தில் நிலைபெற்ற அக்கல்லூரியில் பயின்ற ஆசிரியர்கள் வழியாக இவ்வாட்டம் நம் பள்ளிகள் பலவற்றுள் புகுந்தது. உங்கள் உடற்கல்வி ஆசிரியரின் ஆசிரியர், அவருக்கும் ஆசிரியர் என்று ஏணிப்படிகளில் ஏறிச் சென்றால், ஒருவேளை அந்தப் பழக்கூடைகளின் அடியிலேயே போய் நிற்பீர்கள்.

இனி, பெஞ்சில் இருந்த ஒருவரைப்பற்றிச் சொல்லுகின்றேன். அவர் பெயர் பில் ரஸ்ஸல். கலிபோர்னியாவில் ஓக்லாந்து நகரத்து மக்கிளைமண்ட்ஸ் உயர்நிலைப் பள்ளியில், 1950-ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் அவர் பயின்றார். ஒல்லியான உடல், கைகால்கள் ஒன்றோடொன்று இணங்கி இயங்குவதில்லை. இளையோர் குழுவிலிருந்த சீருடைகள் பதினைந்து. ரஸ்ஸல் பதினாறாவது ஆள். ஜார்ஜ் பவுல்ஸ் என்னும் பயிற்சியாளர் அவரை நீக்கிவிடவில்லை; பதினைந்தாவது சட்டையை அவருக்கும் மற்றொரு மாணவனுக்கும் பொதுவாக்கினார். ஓர் ஆட்டத்தில் ஒருவர் அணிவார். அடுத்த ஆட்டத்தில் மற்றவர். அரைச் சட்டைக்கு உரிமையுடைய அந்தப் பிள்ளைதான் பிற்காலத்தில் கல்லூரிக் குழுவிற்கு 1955-இலும் 1956-இலும் தேசிய வெற்றியும், 1956-இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் தம் நாட்டிற்குத் தங்கப் பதக்கமும், பாஸ்டன் நகரக் குழுவிற்குப் பதின்மூன்று ஆண்டுகளில் பதினொரு முறை முதலிடமும் தேடித் தந்தார்.

எவ்வாறு இது நிகழ்ந்தது? உயரம் வளர்ந்தது ஒரு காரணம்; அதனை மறைப்பதற்கில்லை. ஆனால் உயரமானவர் எல்லாரும் ரஸ்ஸல் ஆகிவிடவில்லை. பள்ளிப் படிப்பு முடிந்த 1952-இல், மாணவர் குழுவொன்றுடன் ஊர் ஊராகப் பேருந்தில் சென்று அவர் ஆடினார். அப்போது ஒரு வழக்கம் அவருக்கு அமைந்தது. தம்மினும் திறமை மிக்க தோழர்கள் ஆடுவதைக் கூர்ந்து நோக்குவார்; அவர்கள் அடியெடுத்து வைத்த முறையைப் பேருந்தில் கண்மூடி அமர்ந்தபடி தம் மனத்திரையில் மீண்டும் ஓட்டிப் பார்ப்பார்; பிறகு அந்தத் தோழரின் இடத்தில் தம்மையே வைத்துப் பார்ப்பார். களத்தில் இறங்கிய பின், மனத்தில் பலமுறை செய்து பார்த்ததை உடல் ஒருமுறை செய்வது எளிதாயிற்று. மற்றும் ஒரு படி மேலே சென்று, எதிரி இவ்வாறு வந்தால் தாம் அவனை எவ்வாறு தடுப்பது என்று, கண்ணாடியில் தெரியும் நிழலைப்போல எதிர்நிலையிலிருந்தும் கற்பனை செய்தார். தடுத்தாடுவதையே ஒரு பெருங்கலையாக்கிய அவருடைய ஆட்டத்திற்கு அந்தப் பேருந்தில் வித்து ஊன்றப்பட்டது எனலாம்.

பெஞ்சு என்பது களத்திற்கு மிக அருகில் உள்ள வகுப்பறை. அங்கே இருந்துகொண்டு பந்தை மட்டும் பார்க்கிறவன் பார்வையாளன். தான் எவருடைய இடத்தில் இறங்கக்கூடுமோ அவரையும், அவருக்கு எதிரே நிற்பவரையும் பார்க்கிறவனே மாணவன். எதிரி வலக்கையால் மட்டும் பந்தைத் தட்டிச் செல்கிறானா? எறிவதற்குமுன் தோளைச் சாய்க்கிறானா? பந்து கூடையில் விழாதபோது பின்னோக்கி ஓடச் சோம்புகிறானா? இவற்றைப் பத்து நிமிடம் பார்த்துவிட்டு இறங்குபவன், முதலிலிருந்தே ஆடுகிறவனுக்கு இல்லாத ஒரு நன்மையோடு இறங்குகிறான்.

பாஸ்டன் குழுவின் பயிற்சியாளராக இருந்த ரெட் ஆயர்பாக் இந்த நன்மையை நன்கு உணர்ந்தவர். தேர்ந்த ஆட்டக்காரர் ஒருவரைத் தொடக்கத்தில் வேண்டுமென்றே உட்காரவைத்து, எதிர்த்தரப்பினர் களைப்படையும் தறுவாயில் களத்தில் இறக்குவார். முதலில் ஃபிராங்க் ராம்சேயும், 1962-இல் குழுவில் சேர்ந்த ஜான் ஹாவ்லிசெக்கும் அவ்வாறு ஆடினர். ‘ஆறாவது ஆட்டக்காரர்’ என்னும் பெயர் ஒரு பட்டமாகவே மாறிற்று. ஹாவ்லிசெக் 1978-இல் ஓய்வு பெற்றபோது, அக்குழுவின் வரலாற்றிலேயே மிகுதியான புள்ளிகள் எடுத்தவர் அவர்தாம்!

பள்ளிப் பயிற்சியாளர் ஒருவனை இறக்கலாமா என்று எண்ணும்போது, அவர் மனத்தில் எழும் வினா யாது? “இவன் எத்தனைப் புள்ளி எடுப்பான்?” என்பது பெரும்பாலும் அன்று. “இவன் கையில் பந்து பத்திரமாக இருக்குமா? இவன் காக்கும் எதிரி அடங்கியிருப்பானா?” என்பவையே முன்னிற்கும். புள்ளி எடுப்பதற்கு ஏற்கெனவே இருவர் மூவர் இருப்பர். கூடைக்குள் விழாமல் பலகையில் பட்டுத் திரும்பும் பந்தைக் கைப்பற்றுபவர் எவர் என்பதே வினா. அதற்குத் துள்ளும் வலிமையைவிட இடம்பிடிக்கும் அறிவே முதன்மையானது. பந்து காற்றில் செல்லும்போதே எதிரிக்கு முதுகைக் காட்டி, முழங்கால் மடக்கி, அகன்று நின்று அவனைக் கூடைக்கு வெளியே நிறுத்திவிட்டால், குள்ளமானவனும் பந்தைப் பெறலாம். இந்த வேலைக்குக் கைதட்டல் கிடைப்பதில்லை, ஆட்டநேரம் கிடைக்கிறது.

பயிற்சிக்கு வருவோம். நம் பள்ளிகள் பலவற்றில் களம் சிமெந்துத் தரை, மேலே கூரையில்லை, இருபது பேருக்குப் பந்து இரண்டோ மூன்றோதான். பந்து கைக்கு வரும்வரை வரிசையில் நின்று பேசிக்கொண்டிருப்பது வழக்கமாகிவிட்டது. பந்தில்லாமல் செய்யத்தக்க பயிற்சிகள் எத்தனையோ உண்டு. தாழ்ந்து நின்று, கால்கள் ஒன்றோடொன்று பின்னாமல் பக்கவாட்டில் நகர்வதற்குப் பந்து எதற்கு? ஒரு காலை ஊன்றி மறுகாலால் சுழன்று திரும்புவதற்குத்தான் எதற்கு? பந்து கிடைக்கும்போது, வல்லமை வாய்ந்த கையை விட்டுவிட்டு மற்றக் கைக்கு வேலை கொடுங்கள். இடக்கையால் பந்தைத் தட்டத் தெரியாதவனை எதிரிகள் ஐந்து நிமிடத்தில் கண்டுகொள்வர். பிறகு அவனுக்குக் களத்தில் பாதிதான் சொந்தம்.

எறிதலைப்பற்றி ஒரு சிறு கணிதம் சொல்லுகின்றேன். வளையத்தின் விட்டம் 45 சென்டிமீட்டர். ஆடவர் பந்தின் விட்டம் ஏறத்தாழ 24. நேர்மேலிருந்து விழும் பந்திற்கு வளையம் முழுவட்டமாகத் தெரியும். சாய்ந்து வரும் பந்திற்கோ அது நீள்வட்டமாக ஒடுங்கித் தெரியும். 30 பாகைச் சாய்வில் தாழ்வாக வரும் பந்திற்கு அந்த வாயின் அகலம் 22½ சென்டிமீட்டர்தான். பந்தைவிட வாய் சிறிது! விளிம்பில் மோதாமல் அது உள்ளே நுழைய வழியேயில்லை. 45 பாகையில் வந்தால் அகலம் 32 ஆகிவிடுகிறது. எட்டுச் சென்டிமீட்டர் மிச்சம். ‘பந்தை உயர்த்தி எறி’ என்று உங்கள் ஆசிரியர் ஓயாமல் கூறுவதன் பொருள் இதுவே. கோணக்கணிதம் தேர்வுக்கு மட்டும் உரியது என்று எண்ணுவோர் இதனைக் கவனிப்பார்களாக.

பலகையிலிருந்து 15 அடி தொலைவில் நின்று, எவரும் தடுக்காத நிலையில் எறியும் ஃப்ரீ த்ரோ என்னும் எறிதல், பெஞ்சில் இருப்பவனுக்கு நல்ல துணை. இதற்கு உயரம் வேண்டா, வேகம் வேண்டா, ஒரு நோட்டுப் புத்தகமும் பொறுமையும் போதும். பயிற்சி தொடங்கும்போது எறியாதீர்கள். முடிந்து, மூச்சு வாங்கும்போது எறியுங்கள். ஆட்டத்தில் அந்த வாய்ப்பு வருவது களைத்த நிலையில்தான். நாள்தோறும் ஐம்பது எறிந்து, விழுந்தவை எத்தனை என்று எழுதி வையுங்கள். ஒரு மாதம் கழித்து அந்த ஏடு உங்களுக்காகப் பேசும்.

இங்கே தடையாக வருவது பெரும்பாலும் வெட்கம். வில்ட் சேம்பர்லின் என்னும் மாபெரும் ஆட்டக்காரர் 1962-ஆம் ஆண்டு மார்ச் 2-ஆம் நாள் ஒரே ஆட்டத்தில் 100 புள்ளிகள் எடுத்தார். அன்று ஃப்ரீ த்ரோக்கள் 32-இல் 28 விழுந்தன. அவ்வாண்டில் அவர் பந்தை இரு கைகளாலும் கீழிருந்து மேலே வீசும் முறையைக் கையாண்டார். பலன் கண்கூடு. எனினும் பார்ப்பவர் நகைப்பர் என்று எண்ணி அம்முறையை விட்டுவிட்டார். 1967–68 பருவத்தில் நூற்றுக்கு 38 எறிதல்களே விழுந்தன. அதே முறையில் வீசிய ரிக் பாரி என்பவர் நகைப்பைப் பொருட்படுத்தவில்லை. நூற்றுக்குத் தொண்ணூறு அளவில் கூடையில் இட்டு, 1980-இல் புகழோடு ஓய்வு பெற்றார். எல்லாரும் கீழிருந்து வீசுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. இடக்கையால் தட்டும்போது பந்து காலில் பட்டு ஓடும், தோழர்கள் சிரிப்பர். அந்தச் சிரிப்பிற்கு அஞ்சி வலக்கைக்கே திரும்பிவிடுவதற்கு உலகப் புகழ்பெற்ற முன்மாதிரியே இருக்கிறது என்றுதான் சொல்லுகின்றேன்.

இவையெல்லாம் செய்தும் இடம் கிடைக்காமற் போவதுண்டு. மைக்கேல் ஜோர்டனைப் பள்ளிக் குழுவே ஒதுக்கிவிட்டது என்று கதை கூறுவர். வட கரோலினாவில் வில்மிங்டன் நகரத்து லேனி பள்ளியில் 1978-இல் நடந்தது அவ்வளவு கொடுமையன்று. முதற்குழுவிற்கு உயரமான ஆள் தேவைப்பட்டது. ஆறடிக்கும் குறைவாயிருந்த ஜோர்டனை விடுத்து, மிக உயரமான அவர் தோழரை எடுத்தனர். ஜோர்டன் இளையோர் குழுவில் வைக்கப்பட்டார். அங்கே அவருக்கு வாய்த்தது என்ன? பெஞ்சு அன்று, ஆட்டம் முழுவதும் ஆடும் வாய்ப்பு. முதற்குழுவில் இரண்டு நிமிடம் ஆடுவதைவிட இரண்டாம் குழுவில் நாற்பது நிமிடம் ஆடுவது வளர்கின்ற மாணவனுக்கு மேலானது என்றே கருதுகின்றேன். இதனைத் தாழ்வாக எண்ணும் பெற்றோர்கள் உளர். அவர்களும் இப்பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தால் நல்லது.

ஆசிரியரிடம் கேட்கலாமா? கேட்கலாம், கேட்கவேண்டும். ஆனால் ஆட்டம் முடிந்த சூட்டிலே, தோழர்கள் முன்னிலையில், “ஏன் சார் என்னை இறக்கவில்லை?” என்று கேட்பது வழக்காடுவது போலாகும். மறுநாள் காலையில் தனியே சென்று, “நான் எதைத் திருத்திக்கொண்டால் குழுவிற்குப் பயன்படுவேன், சார்?” என்று கேளுங்கள். அவர் சொல்லும் ஒன்றை மூன்று வாரம் செய்துவிட்டு மீண்டும் செல்லுங்கள். சொன்னதைச் செய்துவிட்டு வந்து நிற்கும் மாணவனை எந்த ஆசிரியரும் மறப்பதில்லை. அப்பாவை அழைத்துச் சென்று பேசவைப்பது மட்டும் வேண்டவே வேண்டா.

ஒருநாள் அழைப்பு வரும். மாற்று ஆட்டக்காரர் தாமே குறிப்பாளர் மேசைக்குச் சென்று மாற்றம் வேண்டும் என்று தெளிவாகச் சொல்லவேண்டும் என்பது விதி. நடுவர் சைகை காட்டும்வரை கோட்டிற்கு வெளியே காத்திருக்கவும் வேண்டும். அந்தச் சில வினாடிகளில் நான்கு செய்திகளைத் தெரிந்துகொள்ளுங்கள். புள்ளி என்ன? நேரம் எவ்வளவு எஞ்சியிருக்கிறது? நான் காக்கவேண்டிய எதிரி எவர்? நம் குழு இப்பகுதியில் இதுவரை எத்தனைத் தவறு செய்திருக்கிறது? நான்கு ஆகிவிட்டதென்றால், அடுத்து எறியாதவனைத் தடுக்கையில் தவறிழைத்தாலும் எதிரிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோக்கள் கிடைத்துவிடும். கையை அடக்கிக்கொண்டு காலால் காக்கவேண்டும். பிறகு வெளியே வரும் தோழரிடம், “யாரை நான் பிடிக்க?” என்று ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொண்டு, ஓடிச் சென்று உங்கள் இடத்தில் நில்லுங்கள்.