நடுவர் கடமை

விஞ்ஞானச் சங்கம் ஒன்று ஆண்டுதோறும் பதக்கம் வழங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். தேர்வுக் குழுவில் ஐவர் இருக்கின்றனர். பரிசீலனைக்கு வந்துள்ள பெயர்களுள் ஒன்று, அந்த ஐவருள் ஒருவரிடம் ஆராய்ச்சி பயின்ற மாணவருடையது. ஆசிரியரோ நேர்மையிற் சிறந்தவர். அவர் அக்குழுவில் அமர்ந்து வாக்களிக்கலாமா? "நேர்மையானவர்தாமே, இருந்தால் என்ன?" என்று நம்மிற் பலர் உடனே விடை கூறுவோம். அவ்விடை போதாது என்பதை எடுத்துரைப்பதே இப்பேச்சின் நோக்கம்.

இளம் விஞ்ஞானி ஒருவருக்குப் பதக்கத்தின் வழியே பதவி வரும். ஆராய்ச்சிக்குப் பொருளுதவி வரும். நல்ல மாணவர்கள் நாடி வருவர். ஆகவே உரியவரை விட்டுப் பிறருக்கு வழங்கிய பதக்கம், உரியவரின் வாழ்நாட் பணியையே திசை திருப்பிவிடக் கூடும்.

தன் வழக்கில் தானே தீர்ப்புக் கூறலாகாது என்பது எந்நாட்டாரும் ஒப்பும் நீதி. ஆயினும் அறிவிற் பெரியோரும் இதில் வழுவியதுண்டு. நுண்கணிதத்தை முதலிற் கண்டவர் நியூட்டனா, ஜெர்மானிய அறிஞர் லைப்னிட்ஸா என்ற பூசல் எழுந்தபோது, லண்டன் ராயல் சொசைட்டி 1712-இல் ஒரு குழுவை அமைத்தது. அச்சங்கத்தின் தலைவர் நியூட்டனே. குழுவில் அவருடைய நண்பர்கள் நிறைந்திருந்தனர். லைப்னிட்ஸும் அச்சங்க உறுப்பினர்தாம். எனினும் அவர் தரப்பைக் குழு கேட்கவில்லை. சில வாரங்களில் நியூட்டனுக்குச் சாதகமான அறிக்கை பிறந்தது. அதனை வரைந்ததில் நியூட்டனின் கையே மேலோங்கியிருந்தது என்பதை அவருடைய கைப்பிரதிகள் பிற்காலத்தில் காட்டின. அதுவும் போதாமல், 1715-இல் அவ்வறிக்கையைப் பற்றிச் சங்கத்தின் இதழிலேயே தம் பெயரை மறைத்து நீண்ட மதிப்புரை ஒன்றும் எழுதினார்.

இருவரும் தனித்தனியே நுண்கணிதத்தைக் கண்டனர் என்பதே இன்று அறிஞர் முடிபு. காலத்தால் முற்பட்டவர் நியூட்டன் என்பதும் உண்மையே. அவ்வுண்மையைத் தொடர்பற்ற பிறர் ஆராய்ந்து கூறியிருப்பின், அது அவருக்குப் பெருமையாக நின்றிருக்கும். தாமே தராசைப் பிடித்தமையால் அதுவே அவருக்கு மாசாயிற்று.

இது வெளிப்படையான தவறு. இதனினும் நுட்பமானது 1906-ஆம் ஆண்டின் நிகழ்ச்சி. தனிமங்களை ஆவர்த்தன அட்டவணையில் 1869-இல் வரிசைப்படுத்தியவர் ருஷ்ய விஞ்ஞானி மெண்டெலீவ். அன்று அறியப்படாதிருந்த தனிமங்களுக்கும் அவர் இடம் விட்டு வைத்தார். காலியம், ஸ்காண்டியம், ஜெர்மேனியம் மூன்றும் பின்னர்க் கண்டறியப்பட்டு அவ்விடங்களில் வந்து அமர்ந்தன. 1906-இல் அவருக்கே ரசாயன நோபல் பரிசு வழங்கலாம் என்று ஸ்வீடிஷ் விஞ்ஞானக் கழகத்தின் ரசாயனக் குழுவினருள் பெரும்பான்மையோர் பரிந்துரைத்தனர். கழகமோ பிரான்ஸின் மாய்ஸானைத் தேர்ந்தெடுத்தது. மெண்டெலீவுக்கு எதிராக வாதாடியவர்களுள் முக்கியமானவர் அர்ரேனியஸ். அவர் ரசாயனக் குழுவில் இல்லை. ஆனால் கழகத்தில் மிகுந்த செல்வாக்குள்ளவர். அட்டவணை மிகப் பழையது என்பது அவர் கூறிய காரணம். அவருடைய அயனிக் கொள்கையை மெண்டெலீவ் கடுமையாக மறுத்து வந்தார் என்பது அவர் கூறாதது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் மெண்டெலீவ் காலமானார். பரிசு பெற்ற மாய்ஸானும் அதே மாதத்தில் மறைந்தார்.

அர்ரேனியஸ் பகைமையால்தான் அவ்வாறு வாதாடினாரா? அவர் உள்ளத்தை யாரும் திறந்து பார்க்க இயலாது. ஃப்ளோரினைப் பிரித்தெடுத்த மாய்ஸானும் பரிசுக்குத் தகுதியற்றவரல்லர். ஆயினும் நூறாண்டு கடந்தும் அந்த ஐயம் நீங்கவில்லை. எதிராளியைப் பற்றிய தீர்ப்பில் அவர் ஒதுங்கி நின்றிருந்தால் அந்த ஐயத்திற்கே இடம் ஏற்பட்டிராது.

"என் மாணவரின் பெயர் வரும்போது மட்டும் வெளியே சென்றுவிடுகிறேன்" என்பார் சிலர். இதற்கும் விடை உண்டு. கல்வி நிலைய நூலகங்களுக்கு நூல் தேர்ந்தெடுக்க அந்நாளைய ஒரிஸ்ஸா அரசு அமைத்த குழுவில், தம் நூல்களையே தேர்வுக்கு அனுப்பிய ஆசிரியர்கள் சிலர் உறுப்பினராயிருந்தனர். அவ்வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் 1984-இல் தீர்ப்பளித்தது. தம் நூலைப் பற்றிய ஆலோசனையின்போது மட்டும் விலகி நிற்பது போதாது என்றது நீதிமன்றம். இன்று உன் நூலை நான் ஏற்கிறேன், நாளை என் நூலை நீ ஏற்பாய் என்னும் எண்ணம், சொல்லாமலே குழுவில் நிலவக் கூடும் அன்றோ? மேலும், போட்டியாளரைத் தாழ்த்தினாலே தம்மவர் உயர்ந்துவிடுவார். எனவே தொடர்புடையவர் அவ்வாண்டின் தேர்வு முழுவதிலிருந்தும் விலகுவதே முறை.

அப்படியாயின், மாணவரின் திறமையை நன்கறிந்த ஆசிரியரின் கருத்து வீணாகிவிடாதா? ஆகாது. சாட்சி வேறு; நடுவர் வேறு. ஆசிரியர் தாம் அறிந்ததைக் கடிதமாக எழுதி, கையொப்பமிட்டுக் குழுவுக்கு அனுப்பட்டும். தொடர்பற்றோர் அதனை எடைபோடட்டும். துறை சிறியதாயின் வேற்றூரிலிருந்தோ அயல்நாட்டிலிருந்தோ நடுவரை அழைக்கலாம். பெயர்களைப் பார்க்குமுன் தகுதிகளை எழுதி வைத்தல், ஒவ்வொருவரும் தம் தொடர்பைத் தொடக்கத்திலேயே கூறுதல், விலகியவர் பெயரைக் குறிப்பேட்டில் பதிதல் ஆகிய மூன்றும் எச்சங்கத்திற்கும் எளியவையே.

தொடர்பு என்பது ஆசிரியர் மாணவர் உறவோடு நிற்பதன்று. கூட்டாக ஆராய்ந்தவர், ஒரே நிலையத்தில் பணிபுரிபவர், பெயரை முன்மொழிந்தவர், பழைய பகைவர் ஆகிய எல்லோரும் தொடர்புடையவரே. பிற மாநிலங்களில் வாழும் நமக்கு மற்றொன்றும் உண்டு. வேற்று மொழியார் நடுவே நம் மொழி பேசும் இளைஞரின் பெயர் வரும்போது உள்ளம் சற்றே நெகிழ்கிறது. அந்நெகிழ்ச்சியைப் பிறர் அறிந்துவிடுவரோ என்றஞ்சி, அவரிடம் அளவுக்கு மீறிக் கண்டிப்புக் காட்டுவோரும் உளர். இரண்டும் கோணலே.

இச்சிந்தனை நமக்குப் புதிதன்று. கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்த உத்தரமேரூர்க் கல்வெட்டுகளில் ஊர் வாரியத் தேர்வுக்கான விதிகள் உள்ளன. கணக்குக் காட்டாதவர் மட்டுமன்றி, அவருடைய உறவினரும் குடவோலைக்கு உரியவரல்லர் என்று, உறவு முறைகளை ஒவ்வொன்றாக எண்ணி அவை விலக்குகின்றன. ஒவ்வொருவர் குணத்தையும் ஆராய்ந்து கொண்டிராமல், உறவையே அளவாகக் கொண்டனர் அச்சபையார்.

விலகி நிற்கும் ஆசிரியர் தம் நேர்மையை இழப்பதில்லை. தம் மாணவர் பெறும் பதக்கத்தைப் பின்னர் எவரும் பழிக்க இயலாதபடி காக்கிறார். ஆசிரியர் தம் மாணவருக்கு அளிக்கக்கூடிய தலைசிறந்த பரிசும் அதுவேயாகும்.