பிள்ளை வாயில் எந்தப் பாட்டு?

(ஆம்பூர் அருகே நடந்த கலைக்குழுப் பயிற்சி முகாமில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஏப்ரல் 14 மேடையில் பத்து வயசுப் பொண்ணு ஒண்ணு ‘மனுசங்கடா’ பாடலாமா, கூடாதா? இதுதான் நம் முன்னால் இருக்கிற கேள்வி. கேட்க சின்னதாத்தான் இருக்கு. ஆனா மூணு வாரமா நம்ம குழு ரெண்டா நிக்குது.

இன்குலாப் எழுதி, கே.ஏ. குணசேகரன் ஊர் ஊராகப் போய்ப் பாடிய பாட்டு. இருவருமே 2016இல் நம்மை விட்டுப் போனார்கள். அந்தப் பாட்டில் ரெண்டு இடத்தைப் பற்றித்தான் சண்டை. ஒன்று, குளப்பாடிக் கிணற்றில் மின்சாரம் பாய்ந்து நம் பிள்ளைகள் செத்ததைச் சொல்கிற இடம். இன்னொன்று, சலுகை அறிவிக்கிறவர்களைப் பார்த்து, நாங்கள் எரிந்தபோது எங்கே போயிருந்தீர்கள் என்று கேட்கிற இடம். அங்கே ஒரு வசவுச் சொல் வருது. எந்தச் சொல்லுன்னு உங்களுக்கே தெரியும்.

‘பிள்ளைக்கு ஏத்த பாட்டு’ன்னு தீர்ப்புச் சொல்றவங்க யாருன்னு முதல்ல பார்த்துடலாம். சினிமாவில் பெரியவர்கள் ஆடிய ஆட்டத்தை நடன நிகழ்ச்சிகளில் சிறு பிள்ளைகளை ஆடவைக்கிறார்கள், கட்டுப்பாடு வேண்டும் என்று 2019 ஜூனில் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் தொலைக்காட்சிகளுக்கு அறிவுரை அனுப்பியது. பாட்டுப் போட்டிகளிலும் இதே கதைதான். முதலிரவுப் பாட்டை எட்டு வயசுப் பிள்ளை பாடும், ‘என்னா எக்ஸ்பிரஷன்’ என்று நடுவர்கள் சிரிப்பார்கள். ஆனால் இதை ஆபாசம் என்று முகம் சுளிக்கிற அதே ஆட்கள், சபாவில் பன்னிரண்டு வயசுப் பொண்ணு நாயகனை நினைத்து வர்ணத்தில் உருகும்போது ‘பக்தி’ என்று தலையாட்டுகிறார்கள். 1930களில் தேவதாசிக் குடும்பத்துப் பெண்களின் சதிரைக் கையில் எடுத்து, பரதநாட்டியம் என்று பெயர் வைத்து, சிருங்காரத்தை வடிகட்டியவர்களின் வாரிசுகள்தான் இவர்கள். சாவு வீட்டில் நம்ம பையன் கானா பாடினால் மட்டும் அசிங்கம்.

அதனால அவங்க அளவுகோலை வாங்கி நம்ம பிள்ளை மேல வைக்க முடியாது. அதுக்காக நமக்கு அளவுகோலே வேணாம்னு சில மாணவத் தோழர்கள் சொல்றதையும் நான் ஏத்துக்கல. திருவிழா மேடையில் ரெக்கார்ட் டான்ஸ் பாட்டுக்குச் சின்னப் பொண்ணை ஆடவிட்டு, சட்டையில் பத்து ரூபா நோட்டைக் குத்துறது யாரு? நம்ம ஆளுங்கதான். எல்லாத்துக்கும் பார்ப்பனியத்தைக் கைகாட்டித் தப்பிச்சுக்க வேணாம்.

இப்போ அந்த வசவுக்கு வர்றேன். தலித் மொழி கலக மொழி, வசவை எடுத்தால் பாட்டே செத்துப்போகும் என்பது ஒரு தரப்பு. சரிதான். சொல்லை மாத்த நமக்கு உரிமை இல்ல. ஆனா அந்தப் பிள்ளையோட அம்மா, ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிறவங்க, ஷிப்ட் முடிஞ்சு வந்து சொன்னாங்க: “அண்ணா, அந்த வார்த்தை தப்புன்னு நான் சொல்லல. எங்க சூப்பர்வைசர மனசுக்குள்ள தெனம் அதுலதான் திட்டுறேன். ஆனா எம்பொண்ணு மேடையில அதச் சொன்னா ஒரு கைதட்டு வரும் பாருங்க, அந்தக் கைதட்டு எனக்கு வேணாம்.”

எனக்கு இந்த மூணு வாரத்துல கேட்ட பேச்சுகள்ல இதுதான் விஷயத்தைத் தொட்ட பேச்சு. அந்தச் சொல்லைப் பெரியவர் ஒருவர் சொன்னால் அது ஆட்சியாளர்களைப் பார்த்துக் கேட்கிற கேள்வி. பத்து வயசுப் பிள்ளை சொன்னால், ‘அடியேய், வாயப் பாரேன்’ என்று கூட்டம் விசிலடிக்கும். கோபம் வேடிக்கையா ஆயிடும். டி.வி. நடுவர் சிரிக்கிற சிரிப்பும் அந்த விசிலும் ஒண்ணுதான். ரெண்டுலயும் பிள்ளை பொம்மை. பாட்டில் என்ன சொல் இருக்கிறது என்பதோடு, அந்தச் சொல் பிள்ளை வாயில் ஏறும்போது கூட்டம் அதை என்னவாக்கும் என்றும் பார்க்கணும்.

சாவைப் பற்றிப் பிள்ளை பாடக்கூடாது என்று ஆசிரியத் தோழர் சொன்னதில் எனக்கு உடன்பாடு இல்லை. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் எரிக்கப்பட்ட 44 பேரில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். 2015 ஜனவரி 31 விடியற்காலையில் ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுத் தொட்டி உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளிகள் பத்துப் பேர் செத்தார்கள். தோல் ஷாப்புக்கு ஆள் அனுப்புகிற தெருவில் வளர்கிற பிள்ளைக்குச் சாவைத் தெரியாது என்று நினைப்பது பெரியவர்களின் சௌகரியம்.

ஆனா அர்த்தம் சொல்லாம மனப்பாடம் பண்ண வைக்கிறது அநியாயம். குளப்பாடியில் நடந்ததை உட்கார்ந்து அந்தப் பிள்ளைக்குச் சொன்னேன். அழல. “கரண்ட் யாருண்ணா விட்டது? அவங்கள ஜெயில்ல போட்டாங்களா?” என்று கேட்டுச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு, அந்த அடியை நானே பாடுறேன்னு சொல்லுச்சு. வேணாம்னு சொல்லியிருந்தா விட்டிருப்போம், அதுல கட்டாயம் கிடையாது.

இப்படி முடிவு பண்ணியிருக்கோம். பல்லவியை எல்லாரும் பாடுவது. கிணற்று அடியை அந்தப் பிள்ளை. வசவு வருகிற அடியை அந்தப் பிள்ளையின் அம்மாவும் கம்பெனிப் பெண்கள் நாலு பேரும். “எனக்கு சுதி சேராதுண்ணா”ன்னு முதல்ல மறுத்தாங்க. இப்போ கம்பெனி வேன்ல பாடிப் பாத்துக்கிட்டு வர்றதா கேள்வி.

கடைசியா மாணவர்களுக்கு ஒரு வேலை. 1992இல் வந்த ‘தேவர் மகன்’ காலத்திலிருந்து சாதிப் பெருமைப் பாட்டுகள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவன் வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு அமைந்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் கட்டுகிற கலர் கயிற்றைப் பற்றி ஊரே பேசியது. பள்ளி ஆண்டுவிழாப் பாட்டைப் பற்றி நாம பேசணும், அந்த வரிசையில நம்ம பிள்ளைகளையும்தான் நிக்க வைக்கிறாங்க. வாணியம்பாடி, பேர்ணாம்பட்டுத் தோழர்கள் உங்க பக்கத்துப் பள்ளிகளில் பாட்டுப் பட்டியலை முன்கூட்டியே கேட்டு வாங்குங்க. எந்தப் பாட்டுக்கு எந்த வகுப்புப் பிள்ளைங்க ஆடுறாங்கன்னு எழுதிக்கிட்டு வாங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை ஒவ்வொண்ணா எடுத்து வச்சிப் பேசலாம்.